இழுத்தவனுக்கு வெத்திலை

முன்னுக்கு ஏறுங்க சேர். மிஸ்ஸும் பிள்ளைகளும் பின்னுக்கு விரிஞ்சு இருக்கட்டும், அங்க இருந்தா ரெண்டு பக்கமும் தெரியும். இந்த முன் சீற்று சும்மாதான் கிடக்கு. முந்தி ஒரு நாளும் சும்மா கிடந்ததில்ல. அந்தக் கதையை விடுங்க. பெல்ட்டை நல்லா இழுத்துப் போடுங்க, அது இவ்வளவு காலமும் ஒரு ஒல்லிக்குச்சிக்குப் பழகின பெல்ட்.

விடுங்க எண்டு வாயாலதான் சொல்றன் சேர். காலம்பற எழும்பினா இந்தச் சீற்றில இருந்தவன்ட மூஞ்சிதான் முன்னுக்கு வருது. தேத்தண்ணியைப் பாதியில வெச்சிட்டு எழும்பிருவன். அவ்வளவு கோவம்.

என்ட பேர் வில்வரெத்தினம். வில்வா அண்ணன் எண்டு கேட்டா பொத்துவில்ல இருந்து உகந்தை வரைக்கும் சொல்லுவாங்கள். ஹோட்டல்ல உங்களுக்கு என்ன சொன்னாங்கள்? சின்னக் குறூப், தனி ஜீப், கடற்கரையோரமாப் போய் மிருகம் பாக்கிறது, பொழுதுபட முன்னம் திரும்புறது. அவ்வளவுதான் சொல்லியிருப்பாங்கள். ஆர் ஓட்டுறான் எண்டு சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்கள். இப்ப என்ட பேரைச் சொல்ல அவங்களுக்கு வாய் கூசுது.

இந்தா, தார் முடிஞ்சுது. இனி ரோட்டு எண்டு ஒண்டு இல்ல. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்புத் தண்ணியும் காடும், நடுவில எங்களுக்கு மணல். டயர்ல காத்தைக் குறைச்சுத்தான் இதில இறங்கோணும். இறுக்கமான டயரோட இறங்கினா மணல் விழுங்கிரும். நான் ஹோட்டல் வாசல்லயே குறைச்சிட்டன், பயப்பிடாதீங்க. நீங்க கண்ணைக் காட்டுப் பக்கம் வெச்சிருங்க. யானை, மான், பன்னி, கரடி, என்ன தெரிஞ்சாலும் சொல்லுங்க. இந்தச் சீற்றில இருக்கிற ஆள்ட வேலை அதுதான்.

அந்த வேலையைத்தான் அவன் செஞ்சவன். குலசேகரம். குலம் எண்டுதான் கூப்பிடுற. என்ட பொஞ்சாதி லோகாட கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். நான் ஓட்டுவன், அவன் பாப்பான். வாய் திறக்க மாட்டான். டாஷ்போட்டில விரலால ஒரு தட்டுத் தட்டினா, நிப்பாட்டு. ரெண்டு தட்டு எண்டா மெதுவாப் போ. உங்களுக்கு முன்னால பாருங்க, அந்த இடத்தில பெயின்ற் தேய்ஞ்சு வெள்ளையாக் கிடக்கு. அதில கை வைக்காதீங்க சேர். இல்ல, சும்மாதான் சொன்னன். வையுங்க. எனக்கு என்ன.

நீங்க சென்னையாமே? நல்லது. நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்கும். வெள்ளைக்காரர் எண்டா ஒரு கதையை மூண்டு தரம் சொல்லோணும், அப்பவும் தலையை ஆட்டிட்டு கமெராவைத் தூக்குவாங்கள். குலத்துக்கும் எனக்கும் இவ்வளவு பகையும் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸாலதான் வந்தது. இந்த சீசன் தொடக்கத்தில வந்தா. கமெரா எண்டா கமெரா, ஆள் பாதி கமெரா பாதி. சிறுத்தை மட்டும் காட்டினாப் போதுமாம், வேற ஒண்டும் வேணாமாம். அப்படி ஒரு கதை இருக்கா சேர்? கலியாண வீட்டுக்குப் போய் எனக்குப் பாயாசம் மட்டும் தா எண்டு கேக்கிற கதை. நான் விடல்ல. யானையைக் காட்டினன், அந்த யானைட தாயைப் பத்திச் சொன்னன், அந்தத் தாய் ஆர்ட வயலுக்குள்ள இறங்கி என்ன அநியாயம் செஞ்சது எண்டு சொன்னன். முதலையைக் காட்டினன். முதலை ஆட்டைப் பிடிச்ச கதை சொன்னன். சம்பளம் வாங்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறது எனக்குக் களவு மாதிரி.

அங்க! அங்க பாருங்க சேர், களப்புக் கரையில, செங்கால் நாரைக் கூட்டம். பிள்ளைகள், வலப்பக்கம், வலப்பக்கம்... ப்ச். எழும்பிட்டுதுகள். அது உங்கட மகள்ட சிவப்புச் சட்டை. நாரைக்குச் சிவப்பு ஆகாது. நாளைக்கு வந்தா பச்சை போட்டு விடுங்க.

எதில விட்டன்? ஓ, சிறுத்தை. பொழுது சாயிற நேரம் குலம் ஒரு தட்டுத் தட்டினான். நிப்பாட்டினன். பாறைக்கு மேல படுத்திருக்கு சேர், எங்கட வீட்டுப் பூனை படுத்திருக்கிற மாதிரி, ஒரு காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல. மிஸ்ஸுக்குக் காட்டோணும்தானே? மெதுவாத்தான் சொன்னன், மிஸ் பாருங்க, ஆண் சிறுத்தை, கழுத்தைப் பாருங்க, மூண்டு வருசத்துக்கு முந்தி இதைத்தான் நான் உகந்தைக் கோயிலுக்குப் பின்னால கண்டது எண்டு. மெதுவாத்தான் சேர். என்ட மெதுவு அவ்வளவுதான், ஆத்தாள் தந்த தொண்டை. அது எழும்பிப் போயிட்டு. போகத்தானே செய்யும்? காலுள்ள சாமான் போகும். நான் கதைச்சதால போனது எண்டு சிறுத்தை வந்து சொல்லிச்சா?

அவ ஊருக்குப் போய் போன்ல எழுதிட்டா. இந்த எழுதுற வேலை ஒண்டு இருக்குத்தானே இப்ப, நட்சத்திரம் போடுறது. மனேஜர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டான். கொழும்பில இருந்து வந்த சின்னப் பொடியன், மீசை கூட ஒழுங்கா வரல்ல. குசினிக்காரரும் நிக்கிறாங்கள், ரூம் கூட்டுற பெட்டைகளும் நிக்கிறாளுகள். எல்லாருக்கும் கேக்கத் தமிழ்ல சொல்றான். மிருகம் காட்டுற ஆள் தங்கமாம். டிரைவர் காலம்பற தொடங்கினவர் பொழுதுபடும் வரைக்கும் வாய் மூடல்லயாம். சிறுத்தையே காது வலிச்சு எழும்பிப் போயிட்டாம். சிரிச்சாங்கள் சேர். குசினியில உருளைக்கிழங்கு உரிக்கிறவன் வரைக்கும் சிரிச்சான்.

நான் அதுக்குக் கோவப்படல்ல. வெள்ளைக்காரி, அவளுக்கு என்ன தெரியும். சிரிச்சவங்களும் போகட்டும். நான் குலத்தைத் திரும்பிப் பாத்தன். சொல்லு மச்சான், நடந்ததைச் சொல்லு எண்டன். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். மறுகா மெதுவாச் சொல்றான், "அந்த மிஸ் சொன்னது பொய்யில்ல" எண்டு.

பொய்யில்லயாம்.

வாயே திறக்காத மனுசன் சேர். சோறு வேணுமா எண்டு கேட்டாக் கூட தலையைத்தான் ஆட்டுவான். அவன் திறந்த வாயை அதுக்காத் திறக்கோணும்? மனேஜருக்கு முன்னால, உருளைக்கிழங்குக்காரனுக்கு முன்னால? என்னட்டத் தனியச் சொல்லியிருக்கலாமே. மச்சான், கொஞ்சம் கூடக் கதைக்கிற எண்டு ஒரு நாள் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா? இவ்வளவு வருசம் இந்தச் சீற்றில இருந்தவன். ஒரு நாள் சொல்லல்ல. லோகாட்ட இதைக் கேட்டன். அவள் என்ன சொல்றாள் தெரியுமா? "அண்ணனுக்கு நீங்க எங்க இடம் விட்டீங்க சொல்றதுக்கு?" எண்டு கேக்கிறாள். என்ட சோத்தைத் திண்டுகொண்டு அண்ணனுக்குக் கதைக்கிறாள்.

மறுகா என்ன? ஹோட்டல்காரர் புது ஜீப் ஒண்டு எடுத்தாங்கள். ஸ்ரியறிங்கை அவன்ட கையில குடுத்தாங்கள். அவனே ஓட்டி அவனே காட்டுறானாம். எனக்கு மிச்சம் மீதி விழுற ஆக்கள். கோவிக்காதீங்க சேர், உங்களைச் சொல்லல்ல. இனி ஒரு முறைப்பாடு வந்தா இந்த மிச்சமும் இல்லை எண்டிட்டான் அந்த மீசை வராதவன். அதனால நீங்க எழுதேக்க பாத்து எழுதுங்க. டிரைவர் நல்லவர் எண்டு எழுதுங்க. அளவாக் கதைச்சார் எண்டு எழுதுங்க.

உள்ளங்கையால கம்பியைப் பிடியுங்க, இந்த இடம் குலுக்கும். மணல் மேடு. ஆ, ஏறிட்டுது. பாத்தீங்களா ஓட்டத்தை? அவன் இதில ஏறட்டும் பாப்பம். அவனுக்கு மிருகம் தெரியும், மணல் தெரியாது. மணல் தெரியாதவன் இந்தக் கரைக்கு வண்டியோட வரக்கூடாது. வந்தா என்ன நடக்கும்? புதைவான். புதைஞ்சா ஆர் இழுக்கிறது?

இந்தக் கரையில ஒரு முறை இருக்கு சேர். எழுதி வெச்ச சட்டம் இல்ல, எங்கட டிரைவர்மாருக்குள்ள உள்ளது. ஒருத்தன்ட ஜீப் புதைஞ்சு நிண்டா, அடுத்து வாறவன் ஆரெண்டாலும் நிப்பாட்டி இழுக்கோணும். விரோதியெண்டாலும் இழுக்கோணும். காசு கேக்கக்கூடாது. இழுத்து முடிய, புதைஞ்சவன் வெத்திலை நீட்டுவான். இழுத்தவன் எடுக்கோணும். ரெண்டு பேரும் மண்ணில நிண்டு சப்பித் துப்பிட்டுத்தான் வண்டி எடுக்கிறது. வெத்திலையை எடுக்காமப் போனா, உனக்கும் எனக்கும் இண்டையோட முடிஞ்சுது, நாளைக்கு நான் புதைஞ்சாலும் நீ வராத எண்டு அர்த்தம். எனக்குத் தெரிய அப்படி எடுக்காமப் போன ஆள் இல்ல. போன வருசம் அம்பாறைப் பக்கமிருந்து புதுசா ஒருத்தன் வந்தான். களப்புத் தண்ணி கடலோட சேருற முகத்துவாரத்தில ஒரு ஜீப் புதைஞ்சு நிக்க, இழுக்காம இறங்கி நிண்டு போட்டோ எடுக்கிறான்! நான் சும்மா விடுவனா? அவன் அடுத்த சீசன் இந்தப் பக்கமே வரல்ல.

அப்படி முறை தவறாத ஆள் சேர் நான். எனக்குத்தான் இப்படிச் செஞ்சிட்டான்.

நீங்க கேப்பீங்க, ஏன் இந்த மனுசன் இவ்வளவு கதைக்குது எண்டு. கேளுங்க, கேக்காட்டியும் சொல்றன். முந்தி நான் இப்படியில்ல. ஓரளவு கதைப்பன், அவ்வளவுதான். சுனாமி வந்திச்சுத்தானே. இந்தா இந்தக் கடல்தான். இப்ப எவ்வளவு நல்ல பிள்ளை மாதிரிக் கிடக்கு பாருங்க. குலத்துட பொஞ்சாதி சரோசினியைக் கொண்டு போயிட்டு. ஆள் கிடைக்கவும் இல்ல. பள்ளிக்கூடத்திலதான் எங்களை எல்லாம் வெச்சிருந்தாங்கள். குலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். திங்கல்ல, குடிக்கல்ல, அழவும் இல்ல. லோகா வந்து கூப்பிட்டாலும் திரும்பல்ல. எல்லாரும் விட்டிட்டாங்கள். நான் பக்கத்தில பாயைப் போட்டுக்கொண்டு இருந்தன். ஒரு நாள் சுவரைப் பாத்துக்கொண்டே சொல்றான், "மச்சான், ஏதாவது கதையன்" எண்டு.

கதைச்சன். என்னத்தைக் கதைச்சன் எண்டு கேளாதீங்க. எங்கட பழைய மாடு, கள்ள மாங்காய், எங்கட வாத்தியார்ட வழுக்கை, வாய்க்கு வந்ததெல்லாம் கதைச்சன். நிப்பாட்டினா அவன் மூச்சு விடுறது மாறும். திரும்பத் தொடங்குவன். தொண்டை கட்டிப் போச்சு, சுடுதண்ணி குடிச்சிட்டுக் கதைச்சன். ஒரு நாள் திரும்பிப் படுத்தான். இன்னொரு நாள் எழும்பி இருந்து கஞ்சி குடிச்சான். மறுகா நான் ஜீப் எடுத்த நேரம் அவனை இந்தச் சீற்றில தூக்கி இருத்தினன். அண்டைக்குத் தொடங்கின கதை சேர். ஒரு ஆள் கதைக்காட்டி மத்த ஆள் கதைக்கத்தானே வேணும்? அந்த வாயைத்தான் அவன் இப்ப கூடாது எண்டிட்டான். சபையில வெச்சு.

லோகா சொல்றாள், "ஒருக்காப் போய்க் கதைங்களன்" எண்டு. என்ன பேச்சு இது? நான் கதைக்கிறதுதானே அவனுக்குக் கரைச்சல். போக மாட்டன். ரெண்டு வீட்டுக்கும் நடுவில ஒரு வேலிதான். அவன் இருமினா எனக்குக் கேக்கும். போக மாட்டன். லோகா வேலிக்கு மேலால மீன் ஆணம் குடுக்கிறாள், குடுக்கட்டும், அண்ணன் தங்கச்சிக்குள்ள நான் வரல்ல. பாத்திரம் திரும்பி வாறநேரம் அதுக்குள்ள ரெண்டு மாம்பழம் கிடக்கும். நான் தொடமாட்டன். பிள்ளைகள் திங்குதுகள்.

என்ன மிஸ்? என்ன சேர், மிஸ் என்னவோ சொல்றா? யானையா? எங்க? எங்க மிஸ்?

நிண்டதா. குட்டியோடயா.

நான் பாக்கல்ல. சேர், நீங்க சொல்லியிருக்கலாமே. அந்தச் சீற்றில இருக்கிறவர்தானே சொல்லோணும். என்ன? சொன்னீங்களா? ரெண்டு தரமா? எனக்குக் கேக்கல்லையே.

ஓ. என்ட சத்தம். விளங்குது மிஸ், விளங்குது. பிள்ளைகள் பயந்து போச்சுகளா? இல்ல, நீங்க சொல்றது சரி. நீங்க காசு கட்டி வந்தவங்க. மிருகம் பாக்க வந்தவங்க, என்னைக் கேக்க வரல்ல. சரி. இந்தா மூடிட்டன். இனி ஹோட்டல் வாசல் வரும் வரைக்கும் வில்வரெத்தினம் வாய் திறந்தா என்னண்டு கேளுங்க. அந்த வெள்ளைக்காரி, என்ட மச்சான், இப்ப நீங்க. எல்லாரும் ஒரு பக்கம். நல்லா இருங்க.

சேர்.

சேர், இதுக்குத்தான் கடைசி, இதோட மூடுறன். முன்னுக்குப் பாருங்க. முகத்துவாரத்துக்கு இங்கால ஒரு ஜீப் நிக்குது. சரிஞ்சு நிக்குது. பின் டயர் ரெண்டும் இல்ல, உள்ளுக்குப் போயிட்டு. வெள்ளைக்காரர் ரெண்டு பேர் தள்ளிக்கொண்டு நிக்கிறாங்கள்.

அது புது ஜீப் சேர். அது அவன்தான்.

பாத்தீங்களா, நான் சொன்னன்தானே! மணல் தெரியாது எண்டு சொன்னன்தானே! அந்த இடம் மேல காஞ்ச மாதிரிக் கிடக்கும், உள்ளுக்கு முழுக்கச் சேறு. எத்தினை தரம் அவனைக் கூட்டிக்கொண்டு அதைச் சுத்திப் போயிருப்பன். நான் சொன்னதைக் காதில வாங்கினாத்தானே. நல்லா வேணும். நிக்கட்டும். மேல காட்டு வழியால சுத்திப் போகலாம், போயிருவம். அலை டயரை நக்குது, நக்கட்டும்.

முறை எண்டு ஒண்டைப் போட்டு வெச்சிருக்கிறாங்கள், அதுதான் கரைச்சல்.

சரி. இழுப்பன். ஆனா ஒரு வார்த்தை கதைக்க மாட்டன். நீங்களே சாட்சி.

*

பாத்தீங்கதானே சேர்? கதைச்சனா? ஒரு வார்த்தை? மிஸ், நீங்க பாத்தீங்கதானே? எழுதுங்க, இதையும் எழுதுங்க. டிரைவர் இறங்கினார், வாயே திறக்கல்ல, வேலையை முடிச்சார் எண்டு.

அவன் என்னைக் கண்ட உடன ஒதுங்கி நிண்டதைப் பாத்தீங்களா? சறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. சிரிப்பு வந்திச்சு எனக்கு, சிரிக்கல்ல. டயரைப் பாத்தன். காத்துக் கல்லு மாதிரி. குறைக்காமலே இறங்கியிருக்கிறான் சேர்! இவ்வளவு வருசம் பக்கத்தில இருந்தவன், ஒவ்வொரு நாளும் நான் குனிஞ்சு காத்துத் திறக்கிறதைக் கண்டவன். அவன் எங்க என்னைப் பாத்தான், காட்டைத்தானே பாத்தவன். நானே குந்தியிருந்து நாலு டயரும் குறைச்சன். மண் வெட்டினன். கயிறைக் கொளுவினன். அப்ப கூட ஒண்டும் கதைக்கல்ல.

ஹோன்தான் அடிச்சன். ஒரு ஹோன், நிப்பாட்டு. ரெண்டு ஹோன், மெதுவா எடு. சொல்லிக் குடுக்காமலே பிடிச்சிட்டான். பிடிக்கத்தானே வேணும். அவன்ட விரலுக்கு நான் எத்தினை வருசம் வண்டி ஓட்டினவன்.

ஏறிட்டுது. ஒரே இழுவையில. வெள்ளைக்காரர் கை தட்டினாங்கள். நான் இறங்கிப் போய் கயிறைக் கழட்டினன். அவன் வந்தான். இடுப்புப் பையை அவிழ்த்து வெத்திலையை எடுத்தான். துடைச்சு, பாக்கு வெச்சு, மடிச்சு நீட்டினான்.  

நான் எடுக்கல்ல.

ஏன் எடுக்கோணும்? சபையில வெச்சு என்ட வாயை வெட்டினவன்ட வெத்திலையை என்ட வாயில போடுறதா? அதோட கையில கிரீஸ் சேர். நீங்க பாத்தீங்களோ தெரியல்ல, கை முழுக்கக் கிரீஸ். அவன் நீட்டினபடி நிக்கிறான். நான் கயிறைச் சுத்திக்கொண்டு நிக்கிறன். மறுகாதான் அவன் சொன்னான். காத்துக்கு உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுது.

"மச்சான், ஏதாவது கதையன்" எண்டான்.

என்ன திமிர் பாருங்க! கதைச்சாலும் குற்றம், கதைக்காட்டியும் குற்றம். சபையில வெச்சு வாயை மூடச் சொல்றது, கடற்கரையில வெச்சுத் திறக்கச் சொல்றது. இவருக்கு நான் என்ன றேடியோவா, திருகினாப் பாடவும் திருகினா நிக்கவும்?  கயிறைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினன், ஸ்ராட் பண்ணினன், எடுத்திட்டன். சரியாத்தானே செஞ்சன்? சொல்லுங்க சேர். நீங்க படிச்ச ஆள், நடுநிலையாச் சொல்லுங்க. நான் செஞ்சது சரிதானே?

என்ன சேர், மடியைப் பாக்கிறீங்க.

எனக்குத் தெரியும், மிஸ் முறைச்சுப் பாக்கிறா. கண்ணாடியில தெரியுது.

கண்ணாடியில அதுவும் தெரியுது சேர். அவன் இன்னும் வண்டி எடுக்கல்ல. அலை வந்து போகுது, ஜீப் அந்த இடத்திலயே நிக்குது. அவனும் கீழ நிக்கிறான். என்னத்துக்கு நிக்கிறான்? இழுத்துவிட்டாச்சு, போக வேண்டியதுதானே. வெத்திலை சப்பாம வண்டி எடுக்கக்கூடாதுதான். முறை அதுதான். நான் எடுத்திட்டன். அவன் எடுக்கல்ல. விசரன். அப்படியே நிண்டா இருட்டிரும், அந்த வெள்ளைக்காரரும் எழுதுவாங்கள் இவனைப் பத்தி. எழுதட்டும். அப்ப தெரியும்.

நான் கண்ணாடியைத் திருப்பி வைக்கிறன். பாக்கத் தேவையில்ல.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த நேரமும் அதையேதான் சொன்னவன் சேர். அதே குரல். குரல் கூட மாறல்ல. வேற சொல்லே கிடைக்கல்லயா இந்த மனுசனுக்கு?

என்ன சேர் அது கையில?

ஆர் தந்தது? எப்ப? நான் கயிறைப் பின்னுக்குப் போட்டுக்கொண்டு நிக்க, உங்கட பக்கத்தால வந்து தந்தானா. என்ன சொல்லித் தந்தான்? ஒண்டும் சொல்லல்ல. ம். சொல்ல மாட்டான். உங்கட கைக்குள்ள வெச்சிட்டு, அந்த டாஷ்போட்டில தட்டினானா? ஒரு தட்டா, ரெண்டு தட்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சேர். ஒண்டா?

ஒண்டு. நிப்பாட்டு.

அதை என்னட்ட நீட்டாதீங்க. இங்க வேணாம். ஓடுற ஜீப்புக்குள்ள வெச்சுச் சப்புற சாமான் இல்ல அது. ரெண்டு பேரும் மண்ணில நிண்டு சப்போணும். உங்கட கையிலயே இருக்கட்டும், வாட விடாதீங்க, வெயில் படாமப் பிடியுங்க.

பிள்ளைகள், கம்பியை இறுக்கிப் பிடியுங்க. மிஸ், பிடிச்சுக்கொள்ளுங்க. திருப்பப்போறன்.

நான் சமாதானத்துக்குப் போறன் எண்டு நினைக்காதீங்க சேர். எனக்குக் கோவம் ஒரு சொட்டும் இறங்கல்ல. நல்லாக் கேக்கப்போறன். ஏன்டா டயருக்குக் காத்துக் குறைக்கல்ல எண்டு கேக்கப்போறன். அந்த மனேஜருக்கு முன்னால என்னை எப்படிச் சொல்லலாம் எண்டு கேக்கப்போறன். ஏன்டா எனக்கு ஒரு நாளும் தனியச் சொல்லல்ல எண்டு கேக்கப்போறன். மாம்பழத்தை என்னத்துக்கு வேலிக்கு மேலால அனுப்புற, கையில கொண்டு வரேலாதா எண்டு கேக்கப்போறன். ரெண்டு பேரும் மெண்டு முடிக்க முன்னம் எல்லாத்தையும் கேட்டிருவன்.

என்ன மிஸ்? யானையா? குட்டியோட அதே யானையா? நீங்க பாருங்க மிஸ், வடிவாப் பாருங்க, படம் எடுங்க. எனக்கு இப்ப யானைக்கு நேரமில்ல. முறைப்பாடு எழுதுறதெண்டாலும் எழுதுங்க. ஏதாவது கதையன் எண்டு அவன்தானே கேட்டான்? கதைக்கிறன். நிண்டு கேக்கட்டும்.